அரைவட்டம் வெட்டிய எல் போர்டு

என் பெயரும் கதவு எண்ணும் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்து மூன்று. வீட்டிலும் வேலையிடத்திலும் என்னைச் சின்னக்கா என்றே கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். தம்பியும் நானும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம், அவன் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். இது என் இரண்டாவது வாக்குமூலம். மூன்று நாட்களுக்கு முன் கொடுத்த முதல் வாக்குமூலத்தை யாரும் என்னை மிரட்டி வாங்கவில்லை, உண்மை என்று நம்பித்தான் கொடுத்தேன்.

வீட்டில் இருப்பது ஒரே மோட்டார் சைக்கிள், சாவி இரண்டு. இரண்டு மாதத்துக்கு முன் நான் பழகுநர் உரிமம் எடுத்தேன். சலவைத்தூள் வரும் வெள்ளை பிளாஸ்டிக் கேனை வெட்டி, சிவப்புப் பெயின்ட்டில் எல் எழுதி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று நாடாவால் கட்டிக்கொள்வேன். போர்டோடு ஓட்டுவது தம்பிக்குக் கௌரவக் குறைச்சல். "இத மாட்டிட்டுப் போனா என்னப் பாத்து ஊரே சிரிக்கும்க்கா" என்பான். அதனால் வண்டியை வீட்டில் நிறுத்தியதும் இரண்டையும் அவிழ்த்து சீட்டுக்கு அடியில் வைப்பது என் வழக்கம். ஒரு நாளும் அவன் அவற்றைத் தொட்டதில்லை.

சம்பவ நாளன்று வேலை முடிந்து டயர் கடை முனை வழியாக வந்தேன். அங்குள்ள வேகத்தடையில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து மணிக்குள் வீடு வந்து, போர்டுகளை அவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அதன் பிறகு வண்டியை நான் எடுக்கவில்லை. நான் குளித்து வரும்போது தம்பி வீட்டில் இல்லை, வாசலைப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை போலீசார் வந்தார்கள். டயர் கடை முனையில் ஒரு தையல்காரரை மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டு நிற்காமல் போனதாகவும், ஓட்டியவர் ஹெல்மெட் போட்டிருந்ததாகவும், கடைக்காரர் வண்டி எண்ணை மட்டும் குறித்ததாகவும் சொன்னார்கள். நேரம் ஐந்தா ஐந்தரையா என்று அவருக்கும் உறுதியில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தபோது வண்டியில் இரண்டு போர்டும் கட்டியிருந்தன. அவிழ்த்து வைத்தேனே என்றேன். தம்பி என் தோளைப் பிடித்து, "பதட்டத்துல மறந்திருப்பக்கா. இடிச்சதே உனக்குத் தெரிஞ்சிருக்காது. கத்துக்குற ஆளுதானே, பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றான். அந்தக் குலுக்கல் நினைவுக்கு வந்தது. நான்தான் இடித்தேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. தையல்காரருக்கு உடைந்தது வலது மணிக்கட்டு, கத்தரி பிடிக்கும் கை. அவர் படுத்திருக்கும் வார்டின் விரிப்புகள் என்னிடம்தான் துவைக்க வருகின்றன. இனி வண்டியைத் தொடக்கூடாது என்று, அடுத்த வாரம் ஓட்டுநர் தேர்வுக்கு வரச்சொல்லிக் கொடுத்திருந்த சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். தம்பி பார்த்துக்கொண்டுதான் இருந்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றே போலீசார் எடுத்து வந்து இங்கே நிறுத்தியிருக்கும் வண்டியின் பெட்டியில் இருந்த என் மழைக்கோட்டை வாங்கிக்கொள்ள, இன்று காலை தம்பியுடன் நிலையத்துக்கு வந்தேன். அப்போதுதான் வண்டியை நிதானமாகப் பார்த்தேன். பின் போர்டு பின்விளக்கை மறைக்கிறது என்று ஆஸ்பத்திரி வாசல் காவலாளி சொன்னதால், போன மாதமே அதன் மேல் விளிம்பை அரைவட்டமாக நான் வெட்டியிருந்தேன். அந்த வெட்டிய போர்டு வண்டியின் முன்னால் தொங்கியது. வெட்டாதது பின்னால் விளக்கை மூடியிருந்தது. தினமும் கட்டுகிற கை அப்படிக் கட்டாது.

எழுத்தர் முன்னிலையில் தம்பியிடம், "ஒரு போர்ட நான் எதுக்கு வெட்டி வச்சிருக்கேன், சொல்லு" என்று கேட்டேன்.

"வெட்டிருக்கா?" என்றான். அதன் பிறகு தரையைப் பார்த்தபடி, "எனக்கு வேன் ஓட்டுற வேலை போயிடும்க்கா" என்றான். அவனை வளர்த்தவள் நான்.

இடித்தவர் யார் என்பதை நான் கண்ணால் பார்க்கவில்லை. போர்டுகளை நான் கட்டவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். என் முதல் வாக்குமூலத்தை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எரித்த தேர்வுச் சீட்டுக்குப் பதிலாக வேறு சீட்டு கிடைக்குமா என்றும் கேட்டேன். அது இந்த நிலையத்தின் வேலை இல்லை என்றார்கள். கேட்டதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதினார்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இம்முறை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)