வலியசாலை வீட்டுக் கேமரா

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். முன் சீட்டுக்காரர் மொபைலைப் பார்த்தபடி மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

“நம்மாத்துக் கேமராவை வேற யாரோ பாத்துண்டிருக்கா. என்னோடது தவிர இன்னொரு லாகின் காட்டறது.”

“கம்பெனிக்காரன் பாக்கப்படாதுன்னுதானே, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை ஆத்துக் கம்ப்யூட்டர்ல நீங்களே போட்டேள்?”

“ஆபீஸ்லேர்ந்து நானும் பாக்கலாமேன்னு இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டேன். சாஃப்ட்வேரோட வந்த பாஸ்வேர்டை மாத்தலை.”

“ஏன்?”

“புதுசு வெச்சா உனக்கு ஞாபகம் இருக்காதுன்னுதான்.”

“நன்னாயிருக்கு. அம்மு தனியா இருக்கா. வயரைப் பிடுங்கச் சொல்றேன்.”

அந்த அம்மாள் தன் போனில் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு இருவரும் அவர் மொபைலையே பார்த்தார்கள்.

“இதோ, ரூமுக்குள்ள வந்துட்டா. கேமராவை ஏன் அவ பக்கம் திருப்பறேள்?”

“நான் திருப்பலை.”