வடக்குச் சுவரைப் பற்றிய கடிதம்

— அவசரப்படாதீங்க, சூளைக்காரம்மா. முதலில் எழுதினதை வாசிக்கிறேன். ‘1912 பெப்ருவரி பதினாலு. வேதக்கோயில் சாமான் அறையில் ஆஜரானவர்கள்: பள்ளிக்கூட வாத்தியார் இன்பமணி, மேசைக்குக் கிழக்கே நாற்காலியில். மேலப்பாளையம் கொத்தனார் தாவூது, எதிரே பெஞ்சில். செங்கல் சூளை சுடலைவடிவு, வாசலோரம் முக்காலியில்.’

— முக்காலியில ஒரு காலு ஆடுதுன்னும் எழுதுங்க.

— கேலி வேண்டாம். ‘விஷயம்: அறுபது வருஷத்து வடக்குச் சுவர் பொடிந்து உதிர்கிறது. சூளைக் கல் மோசம் என்று தெரிவதால், சுவரை இடித்துவிடலாம். புதுப் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சூளைக் கல்லை வாங்காமல்...’

— வாத்தியாரையா! எங்க மாமனாரு காலத்துலேருந்து எரியுத சூளை. இந்தத் தாளு பாளையங்கோட்டை மிஷன் ஆபீசுக்குப் போச்சுன்னா, மாட்டுக்கொட்டகைக்குக் கூட எவனும் எங்க கல்லை வாங்க மாட்டான்.

— நான் என்ன செய்ய? ஊரில் வேறு சூளை ஏது? கல் உதிர்வதைக் கண்ணால் பார்க்கிறேனே.

— ஐயா, தாவூது ஒண்ணு கேக்கட்டா? மழை எங்கன பெய்யுது?

— இதென்ன கேள்வி? வெளியேதான்.

— வெளிப்பக்கம் தடவிப் பாத்தேன். ஒரு பொட்டுக் கூட உதிரலே. உதிருதது உள்பக்கம். அதுவும் இடுப்பு உயரம் மட்டும். கல்லு மோசம்னா நனையுத பக்கம்லா முதல்ல போகணும்?

— அடியிலிருந்து ஈரம் ஏறுதோ என்னமோ. ஆற்றை அடுத்த நிலம்.

— அப்படின்னா நாலு சுவத்துலயும்லா ஏறணும்? பொறுங்க, ஒரு கல்லைப் பையப் பேத்துப் பாக்கேன். இந்தா, வந்துட்டு.

— தாவூது! என்ன செய்யுதீர்? கோயில் கல்லை நக்குதீரா!

— உப்பு, ஐயா. அல்லாவறிய சுத்த உப்பு.

— இங்கன தாரும் கொத்தனாரே, நானும் பாக்கேன்... ஆமா, கரிக்குது.

— கரிக்குது சரி. அதை எதுக்கும்மா திருப்பித் திருப்பிப் பாக்கீங்க?

— ஒண்ணுமில்லே. வாத்தியாரையா, இந்த ஊரு மண்ணுல உவரு கிடையாது. ஆத்துத் தண்ணி, கிணத்துத் தண்ணி எல்லாம் இனிப்பு. பொறவு உப்பு எங்கனேருந்து வந்துச்சு?

— எனக்கெப்படித் தெரியும்? இந்த அறையில் உப்பு... உப்பு...

— என்ன ஐயா, நெத்தியில அடிச்சுக்கிடுதீங்க?

— அசனத்து உப்பு!

— அசனம்னா?

— ஊரெல்லாம் கூடிச் சாப்பிடுகிற கோயில் விருந்து. தூத்துக்குடியில் இருக்கிற நம்ம ஆட்கள் வருஷா வருஷம் காணிக்கையா உப்பு மூட்டை அனுப்புவாங்க. காணிக்கை உப்பை விற்கக் கூடாது, வீட்டுக்கும் எடுக்கக் கூடாது. மிச்சமெல்லாம் இந்த அறையில்தான் கிடக்கும். சுவரைப் பார்க்கணும்னு போன வாரம்தான் வெளியே எடுத்து வைத்தோம்.

— எந்தச் சுவரோரம் கிடந்துச்சு?

— வடக்கே. நடக்க வழி வேணும்னு சுவரோடு ஒட்டி... இடுப்பு உயரம்... அடுக்கச் சொன்னது நான்தான். பத்தொன்பது வருஷமா நான்தான்.

— அப்ப சரி. மழைக்காலத்துல மூட்டை கசிஞ்சிருக்கும், கல்லு குடிச்சிருக்கும். காயும்போது உப்பு உள்ளேயே பூத்துக் கல்லைப் பொடிச்சிட்டு.

— அப்போ சுவர் போச்சா?

— எங்க போச்சு? களிமண்ணைக் குழைச்சு அப்பி, காஞ்சதும் உரிச்சா உப்பையும் இழுத்துட்டு வரும். நாலஞ்சு தரம் செய்யணும். ரொம்ப அரிச்ச கல்லை மட்டும் மாத்தி, சுண்ணாம்புச் சாந்து வைக்கேன். சீமைச் சிமிண்டு மட்டும் பூசிராதீங்க. ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளேயே கிடந்து கல்லைத் தின்னும்.

— அப்பாடா! மூன்று நாளா எனக்குச் சோறு இறங்கலே. நான் ஞானஸ்நானம் எடுத்த கோயில், நானே இடிக்கச் சொல்லி எழுதணுமேன்னு.

— பொறவென்ன, அந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதுங்க.

— எழுதுகிறேன். ‘குற்றம் கல்லில் இல்லை. உப்பை அடுக்கிய இன்பமணியுடையது. இடிக்க வேண்டியதில்லை.’ அடுத்தது, ‘சுடலைவடிவு சூளைக் கல்...’

— சூளைப் பேரு வேண்டாம். இந்தச் சுவத்துக் கல்லு நல்ல கல்லுன்னு மட்டும் போடுங்க.

— பேர் போட்டால் உங்களுக்குத்தானே நல்லது?

— வேண்டாங்கேன்லா.

— சரி, உங்க இஷ்டம். மடிச்சாச்சு, அரக்கும் வைத்தாச்சு. தாவூது, போகிற வழியில் ரயிலடித் தபால் பெட்டியில் போட்டுரும்.

— போடுதேன் ஐயா. நாளைக்குக் களிமண்ணோட வாரேன். உப்பு மூட்டை இனி இந்த வாசல்படி ஏறக் கூடாது, ஆமா!

— ஆள் போயாச்சு. இப்போ சொல்லுங்க சூளைக்காரம்மா, பேர் ஏன் வேண்டாம்னீங்க?

— இந்தப் பேத்த கல்லைப் பாருங்க. எங்க கல்லுன்னா நடுவுல ஒரு பெருவிரல் குழி இருக்கும். இதுல இல்லே. இது எங்க சூளைக் கல்லே இல்லே, வாத்தியாரையா.

— அட! அதை அப்பவே சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்களே!

— நான் தப்பிச்சிருப்பேன். எவன் சுட்ட கல்லோன்னு நீங்க சுவரை இடிச்சிருப்பீங்க.