பெயர் போடாத அத்தியாயம்

அவையின் தலைமையை அழகு செய்யும் கல்லூரிச் செயலர் சௌந்தரபாண்டியன் அவர்களே! அறிவைப் பகிர்ந்தே ஆளான பேராசிரியப் பெருமக்களே! கோவில்பட்டி வெயிலைக் குடையாலும் கோபத்தாலும் விரட்டிவிட்டு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! கரிசல் காட்டுப் பெரியோர்களே! கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டுக் காது கொடுக்கும் மாணவ மணிகளே! உங்கள் பூவனலிங்கம் கைகூப்புகிறேன்.

இன்று மூச்சு விடுகிறேன் ஐயா! நிம்மதியாக மூச்சு விடுகிறேன்! போன கோடையில் விடவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் நான் தவித்த தவிப்பை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

நாகலாபுரத்து இசக்கிச்செல்வி என் ஆய்வு மாணவி. ஆட்டு நோய்களுக்குப் புதூர்ப் பக்கத்து ஆடு மேய்ப்பவர்கள் வைத்திருக்கும் பெயர்களை ஆராய்ந்தவள். அலைந்தாள், கேட்டாள், கறுத்தாள், ஆனால் களைக்கவில்லை! எந்த ஆய்விதழில் எதைத் தேடுவது, எடுத்த கருத்துக்கு எப்படிச் சான்று காட்டுவது என்று அவளுக்கு வாட்ஸ்அப்பிலேயே வகுப்பெடுத்தார் நம் நூலகர் சோலைராஜ். அவள் சரிபார்க்க அனுப்பிய அத்தியாயத்தைப் படித்தவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அதை நூலகத்தின் இணையப்பக்கத்தில் ஏற்றி, முகநூலிலும் பரப்பிவிட்டார். நானும் லைக் போட்டேன். சிரிக்காதீர்கள் தம்பிகளா, எனக்கும் போடத் தெரியும்!

வந்தது வினை! ஆய்வேட்டை எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டார்கள். அந்த அத்தியாயம் முழுக்கச் சிவப்பு! நூலகப் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள் என்றார்கள். தன் வீட்டில் தானே கன்னம் வைப்பாளா? தன் வரியைத் தானே திருடுவாளா? ஆனால் அந்தப் பக்கத்தில் அவள் பெயர் இல்லையே! "நம் மாணவி ஒருவர்" என்றுதானே இருந்தது! நான் எடுத்துச் சொன்னேன். "உங்க மாணவிக்கு நீங்க பரிஞ்சுதானே பேசுவீங்க" என்றது விசாரணைக் குழு. அவள் ஆய்வுப் பதிவையே ரத்து செய்யப் பேச்செழுந்தது. "சார், நான் களவாங்கல சார்" என்று விம்மினாள்.

அப்போது விசாரணை அறைக்குள் வந்தார் சோலைராஜ்.

"ஐயா, அது அந்தப் புள்ள எழுதுனதுதான். பொம்பளப்புள்ள பேரு ஃபேஸ்புக்குல வரக் கூடாதுன்னு அவிய அப்பா சொன்னாவ. சரின்னு பேரு இல்லாம ஏத்துனது நான். தப்பு எம்மேல. தண்டனைய எனக்குக் குடுங்க" என்றார். இணையத்தில் ஏற்றுவதற்கு முன்பே அத்தியாயத்தை இணைத்து அவள் அனுப்பிய மின்னஞ்சலையும் திரையில் திறந்து காட்டினார்.

ஒரு சொடுக்கில் அந்த இணையப் பதிவை அழித்திருக்கலாமே! யார் கேட்டிருப்பார்? அழிக்கவில்லை! ஒளிக்கவில்லை! ஒதுங்கவில்லை! நூல் எடுத்துக் கொடுப்பவர் மட்டுமா நூலகர்? மாணவருக்குப் பழி வந்தால் முன்னால் வந்து நிற்பவரும் நூலகரே! நிற்கிறவர் இருந்தால் எந்தப் பிள்ளை விழும்?

பழி நீங்கியது. நேற்று வாய்மொழித் தேர்வும் முடிந்தது. முனைவர் இசக்கிச்செல்வி! தட்டுங்கள் கையை! நன்றாகத் தட்டுங்கள்!

அதோ, வேட்டி நுனியால் கண்ணைத் துடைக்கிறாரே, அவர்தான் அவள் தந்தை கொம்பையா. தேர்வு முடிந்ததும் நூலகரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எம்மவ பேரைப் போடுங்க. ஊரே பாக்கட்டும்" என்றார்.

"நீங்களே அடிங்க" என்று கைப்பேசியை நீட்டினார் சோலைராஜ்.

ஏர் பிடித்த விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, மகள் பெயரை அந்தத் தகப்பனே அடித்து முடித்தார் ஐயா! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்!