ஏழு ஐம்பதுக்கு எழுந்த பெயர்

முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தின் மானத்தைத் தம் குடும்ப மானமாகக் காத்துநின்ற திருமதி வள்ளிநாயகி தியாகராஜா அம்மையாரே! தலைநிமிர்ந்து வந்து, தலைநிமிர்ந்தே விடைபெறும் செம்மையே! பினாங்குக் கிளை ஊழியர்கள் எழுந்து நின்று படிக்கும் மடல் இது.

தட்டச்சராக வந்தவர் அம்மையார். 1986இல் கம்ப்யூட்டர் வந்தபோது சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆனார். அடுத்தவரை அமர்த்துவதற்காக, அந்தப் பதவியின் வேலை என்னவென்று கோலாலம்பூர் தலைமையகம் சென்ற மாதம் எழுதிக் கேட்டது. புதியவர் பெயரைக் கம்ப்யூட்டரில் பதிந்து வழிதிறப்பது, அன்றாடப் பதிவுகளை டேப்பில் எடுத்து வைப்பது, விலகியவர் பெயரை அழிப்பது என்று ஆளுக்கொன்று சொன்னோம். எல்லாம் உண்மை. ஆனால் போதாது.

1991 மார்ச்சில், கடலுக்கு அக்கரையில் உள்ள எங்கள் ஜுரு கிடங்கின் பொறுப்பாளர் சீனி முகம்மது, அன்றைய முதல் லோரியை அனுப்பிவிட்டு நாற்காலியிலேயே உயிர் துறந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை ஏழு ஐம்பதுக்கு, அவர் வழக்கமாக வேலை தொடங்கும் நேரத்தில், ஜார்ஜ் டவுனில் அம்மையாரின் திரையில் அவர் பெயர் எழுந்தது. கிடங்கில் இருக்கிறார் என்று காட்டியது. மறுநாளும் அப்படியே.

தலைமையகம் கிடங்கு எழுத்தர் ரோஹானாவைச் சந்தேகித்தது. இறந்தவரின் மகள், தந்தையின் பாஸ்வேர்டைத் திருடிவிட்டாள் என்றது. வாரக் கடைசியோடு நீக்க உத்தரவும் வந்தது.

தலைமை எழுத்தர் அப்புத்துரை, "பேர அழிச்சிரு தங்கச்சி, தொல்ல விட்டுச்சு" என்றார்.

"பேர அழிச்சா, அந்தப் புள்ள மேல விழுந்த கறை போயிருமாண்ணே? அப்புறம் யாரு நம்புவா லா?" என்றார் அம்மையார்.

ரோஹானாவை ஜார்ஜ் டவுனில் எங்கள் கண்முன்னே உட்காரவைத்துவிட்டு, மூன்று நாளும் காலை முதல் ஃபெரியில் ஏறி ஜுருவுக்குப் போனார். லோரி ஓட்டுநர் பக்கிரிசாமி சாட்சி. சீனி முகம்மதுவின் பூட்டிய அறையைத் தாமே திறந்து, வெறும் நாற்காலிக்கு எதிரில் நின்றார். ஏழு ஐம்பது ஆயிற்று. எவரும் எதையும் தொடவில்லை. திரை விழித்தது, பெயர் வந்தது. அதன் கீழே ஒரு கட்டம் மட்டும் நிரப்பப்படாமல் மினுக்கியது. கடைசியாக அனுப்பிய லோரி சேர்ந்த நேரம்.

இரண்டு நாள் கண்டதை எழுதி இருவரும் கையெழுத்திட்டனர். மூன்றாம் நாள், வாசலைத் தாண்டி உள்ளே வராமலே பக்கிரிசாமி சொன்னார்: "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தாங்க்கா. லோரி சேந்துச்சுன்னு சொல்ற வரைக்கும் மனுசன் எடத்த விட்டு நவுர மாட்டாரு. அது என் லோரிதான்."

சேர்ந்த நேரத்தை அவரிடம் கேட்டு, அம்மையார் கட்டத்தை நிரப்பினார். நாற்காலியைப் பார்த்து, "சீனி அண்ணே, லோரி சிம்பாங் அம்பாட்டுக்கு நல்லபடியா போய்ச் சேந்துருச்சு. நீங்க கெளம்புங்க" என்றார்.

பெயர் மறைந்தது. அதன் பிறகே அதை அழித்தார்.

அறிக்கையைத் தலைமையகம் நம்பியதா, தெரியாது. மறுத்துச் சொல்ல ஒருவரும் ஜுருவுக்கு வரவில்லை. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ரோஹானா இன்று அதே கிடங்கின் பொறுப்பாளராக, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

ஆகவே கோலாலம்பூருக்கு எங்கள் விடை இது: உள்ளே இருப்பவர் யாரென்று அறிந்து, அவர் வேலை முடியும்வரை அவர் பெயரில் கைவைக்காதவரே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்.

நேற்று மாலை நான்கரைக்கு, எங்கள் வழக்கப்படி எல்லாரும் சூழ்ந்து நிற்க, அம்மையார் தம் பெயரைத் தம் கையாலேயே அழித்தார். எழும்போது சொன்னார்: "என்னைக்காவது காலையில என் பேரு வந்துச்சுன்னா பயந்துறாதீங்க. டேப் மாத்தியாச்சுன்னு சொல்லுங்க, போயிருவேன்."

சிரித்தோம். பிறகு ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை.

அம்மையாரே! நோயின்றி, குறைவின்றி, பேரப்பிள்ளைகள் சூழ நூறாண்டு வாழ்க! அந்தக் காலை வெகு தொலைவில் இருக்கட்டும். அது வரும் நாளில் டேப் மாற்றப்பட்டிருக்கும். அதைத் தங்களிடம் சொல்ல எங்களில் ஒருவர், எழுந்து நின்று, காத்திருப்பார்.

தங்கள் பெயரை மறவாத
பினாங்குக் கிளை ஊழியர்கள்
ஜார்ஜ் டவுன், 1995