சுருக்கம் வாழ்க!

இந்தத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்குவதோடு, தன் காரையே மேடைக்குப் பக்கத்தில் தோரணமாய் நிறுத்தி வைத்திருக்கும் கட்டடக் கலைஞர் கண்ணம்மை ஆச்சி அவர்களே! கடைவீதியின் குரலாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் சாதிக் அலி அவர்களே! ஒக்கூரிலிருந்தும் நெற்குப்பையிலிருந்தும் பழைய வண்டிகளைப் பச்சைப் பிள்ளையைப் போல் துடைத்துத் துடைத்து ஓட்டி வந்திருக்கும் கார்ப் பிரியர்களே! குழம்பைக் கொதிக்கவிட்டு, “இன்பமேரி என்னதான் பேசுறான்னு பாத்துட்டு வருவோம்” என்று கூடியிருக்கும் தாய்மார்களே! அடுப்பை அணைச்சுட்டுத்தானே வந்தீக? நல்லது. உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல்கடை இன்பமேரியின் தலை தாழ்ந்த வணக்கம்!

பட்டிமன்றங்களில் என்னைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு உண்டு. இன்பமேரி பேச்சில் எல்லாம் இருக்கும், சுருக்கம் மட்டும் இருக்காது என்பார்கள். இன்று நான் பேச வந்திருப்பதே சுருக்கத்தைப் பற்றித்தான்! நெற்றிச் சுருக்கமா? இல்லை. துணிச் சுருக்கமா? அதுவும் இல்லை. காருக்குள்ளே, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே, மீட்டரைச் சுற்றியிருக்கும் தகட்டிலே, சில்லறைச் சாமான் போட்டு வைக்கும் கையுறைப் பெட்டியின் மூடியிலே, சாம்பல் கிண்ணத்தின் முகத்திலே, கறுப்புத் தோல் மாதிரி சுருண்டு சுருண்டு நிற்கிறதே ஒரு பூச்சு, அந்தச் சுருக்கம்!

கண்ணம்மை ஆச்சியின் காரைப் பாருங்கள். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் இங்கே இரண்டு கோஷ்டி எழுந்து நிற்கும்! வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்து, உடம்பையெல்லாம் முத்துப்போல் முடித்து வாங்கி வந்தார். ஆனால் உள்ளே? சின்னத் தகடுகளையும் கண்ணாடி போலப் பளபளக்க அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அழகுதானே என்கிறீர்களா? ஆச்சியும் அப்படித்தான் நினைத்தார், நாச்சியாபுரம் திருப்பம் வரும் வரைக்கும்! உச்சி வெயில் தகட்டில் பட்டது. தகட்டில் பட்ட வெயில் முன்கண்ணாடியில் மின்னியது. முன்னால் போன ஆட்டுமந்தை கண்ணுக்குத் தெரியவே இல்லை. போட்டார் பிரேக்! ஆடுகள் பிழைத்தன.

அந்தத் தகடுகளுக்குக் கம்பெனிக்காரர்கள் ஏன் முதலிலேயே சுருக்கப் பூச்சு கொடுத்தார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது. அலங்காரத்துக்கா? அல்ல! கண்ணைக் காக்க! உயிரைக் காக்க!

பழைய கார்களின் கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருந்தது. ஆச்சி விசாரித்து விசாரித்து வந்து நின்ற இடம், என் தையல்கடைக்குப் பக்கத்து வீடு. இதோ, இந்த இனாமுல் ஹசன் வீடு. வளைகுடாவில் கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடித்தவர். அங்கே ஒரு இரும்புக் கயிறு அறுந்து வலது கையில் விழுந்தது. விரல்கள் இருக்கின்றன, மடங்காது. ஊருக்கு வந்தவர் பெயிண்ட் துப்பாக்கியைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். வாயையும் கட்டிப் போட்டார். சிரிப்பாணி என்பதே அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. அவர் மனைவி ராபியா வாசல் அறையில் அழகு நிலையம் வைத்திருக்கிறார். காரைக்குடிக் கல்யாணப் பெண்களில் பாதிப்பேர் முகத்துக்கு ஒளி கொடுத்த கை அது.

ஆச்சி தகடுகளை மேசையில் பரப்பினார். ஹசன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“கோவிச்சுக்கிறாதீக ஆச்சி. எனக்குக் கை போயிருச்சு.”

உள்ளேயிருந்து வந்தார் ராபியா. “இந்த வீட்டுல ரெண்டு கைதான் இருக்குன்னு யாருங்க சொன்னது? நாலு இருக்குல்ல? நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

தாய்மார்களே, தட்டுங்கள் கையை! அந்த ஒரு வார்த்தைக்குத் தட்டுங்கள்!

மறுநாளே வேலை தொடங்கியது. பழைய பெயிண்ட்டைக் கரைத்து உரித்தார்கள். துருவைச் சுரண்டினார்கள். தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தார்கள், தேய்த்தார்கள், ராபியாவின் மருதாணி போகும் வரைக்கும் தேய்த்தார்கள். அடிப்பூச்சாகப் பிரைமர் கொடுத்தார்கள். பிறகு மதுரையிலிருந்து வந்த சுருக்கப் பெயிண்ட். ராபியா எதை எடுத்தார் தெரியுமா? மணப்பெண் முகத்துக்குத் தெளிக்கிற சின்ன ஏர்பிரஷ்! அடித்தார் மெல்லிசாக. காய்ந்தது வழவழவென்று. ஒரு சுருக்கமும் இல்லை!

“என்ன ராபியா, கல்யாணப் பொண்ணுக்குப் பூசுற மாதிரிப் பூசுற? மெல்லிசாப் பூசுனா எப்படிச் சுருங்கும்? தடிமனாக் கொடு!” என்றார் ஹசன்.

“இத்தன வருசமாச் சுருக்கத்த மறைக்கிறதுக்குத்தானே படிச்சேன்! இப்பச் சுருக்கம் வேணும்ங்கிறீகளே!” என்றார் ராபியா.

அடித்ததை உரித்தார்கள். பரணில் கிடந்த துப்பாக்கி இறங்கியது. ராபியாவுக்கு அதன் கனமே புதிது. ஹசன் பின்னால் நின்று, தன் இடது கையை அவர் முழங்கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கினார். “நெடுக்கப் போ... இப்பக் குறுக்க... இப்பச் சாய்வா... நிறுத்து, நிறுத்தாத, ஓட்டிக்கிட்டே இரு!” புதுசாகக் கார் ஓட்டப் பழக்குகிறவர் மாதிரி அத்தனை சத்தம்! வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது, கவனித்தீர்களா?

ஆனால் சுருக்கம் எழச் சூடு வேண்டும். வானத்தைப் பார்த்தால் கார்த்திகை மழை! வெயில் எங்கே? அடுப்பில் காட்டலாமா? கரி பிடிக்கும். அப்போது நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? அழகு நிலையத்து நாற்காலியில்! தலைக்குச் சாயம் பூசி, அலசி, தலைமேல் கவிழ்க்கிற அந்தப் பெரிய முடி உலர்த்திக்குள் ராணிபோல் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ராபியா வந்தார். என் முகத்தைப் பார்த்தார். உலர்த்தியைப் பார்த்தார்.

“அக்கா, செத்த எந்திரிக்கிறீகளா?”

எழுந்தேன்! ஈரத் தலையோடு எழுந்தேன்! நாற்காலியில் நான் இருந்த இடத்தில் மீட்டர்த் தகடு அமர்ந்தது.

“ஜன்னலத் தொற! பெயிண்ட்டு வாடை முழுசாப் போகட்டும், பெறகு போடு!” என்றார் ஹசன். காத்திருந்தோம். வாடை போனது. சுவிட்சைப் போட்டோம். மூவரும் குனிந்து பார்க்கிறோம். ஒன்றுமில்லை. ஈரக் கறுப்பு, குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடக்கிறது. ராபியா கண்ணை மூடி ஏதோ ஓதினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வந்தது பாருங்கள்! ஓரத்தில் ஒரு மடிப்பு! அதைத் தொட்டு இன்னொரு மடிப்பு! மழை விழுந்த கண்மாய் போலத் தகடு முழுக்கச் சிலிர்த்துச் சிலிர்த்துச் சுருண்டது!

“வந்துருச்சு! ஏ ராபியா, வந்துருச்சுடி!” என்று ஹசன் கத்தினார். கத்தியவர் சிரித்தார். சிரித்தவர் அழுதார். ராபியா தகட்டைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன தம்பி கேக்குறீக, அங்குட்டு இருந்து? என் தலைமுடி என்னாச்சா? காயாமல் சளி பிடித்தது! அதனாலென்ன? அந்தச் சிரிப்பைப் பார்க்க, நான் மறுபடியும் நனைவேன்!

கடைசியாக மிச்சமிருந்தது கையுறைப் பெட்டியின் மூடி. ராபியா துப்பாக்கியை நீட்டினார். “இதை நீங்க அடிங்க.” ஹசன் மறுக்கவில்லை. இடது கையால் வாங்கினார். முதல் வீச்சு கோணியது. துடைத்தார். இரண்டாவது வீச்சும் கோணியது. துடைத்தார். மூன்றாவது நேராய்ப் போனது. அந்த மூடிதான் இதோ, ஆச்சியின் காரில் இருக்கிறது. போகும்போது வந்து தடவிப் பாருங்கள்!

கண்காட்சியில் முழுக் காருக்கான முதல் பரிசை நெற்குப்பை தேனப்பன் அவர்கள் தட்டிச் சென்றார். தகுதியான வண்டி, வாழ்த்துகிறோம்! ஆனால் உள்வேலைக்கான பரிசு? சென்னையிலிருந்து வந்த நடுவர் ஆச்சியின் காருக்குள் தலையை விட்டார். வெளியே எடுக்கவே இல்லை! “யாரு செஞ்சது இது?” என்றார். கூட்டத்தின் கடைசியிலிருந்து மடங்காத வலது கை ஒன்று உயர்ந்தது. “நானும் என் வீட்டுக்காரியும்!”

அந்தக் கை உயர்ந்ததற்கு ஈடான பரிசு எந்த மேடையில் கிடைக்கும்? எந்தக் கோப்பையில் அடங்கும்?

மறுவாரமே சாம்பல் கிண்ணத்தோடு இந்த வீட்டு வாசலில் வந்து நின்றவர் யார் தெரியுமா? முதல் பரிசு வாங்கிய அதே தேனப்பன் அவர்கள்! அவரைத் தொடர்ந்து மூடிகள் வந்தன, கைப்பிடித் தகடுகள் வந்தன, இடமில்லாமல் ஒப்பனை மேசையிலும் ஏறின. அதனால்தான் அன்பர்களே, இன்று பக்கத்து அறையில் இந்தப் பட்டறை!

உள்ளங்கை அகலத் தகடுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஓட்டுகிறவர் பார்க்கிறார்! ஒவ்வொரு திருப்பத்திலும் பார்க்கிறார்! உங்கள் வண்டிக்குள்ளே கண்ணைக் கூசவைக்கும் தகடு இருக்கிறதா? கழற்றிக் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்குள்ளே, இனி என்னால் என்ன ஆகும் என்று ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மனிதர் இருக்கிறாரா? அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்! இங்கே வேலை இருக்கிறது, வேலைக்கு ஆள் வேண்டியிருக்கிறது!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், சிரித்துச் சிரித்து எனக்குத் தெம்பு தந்த தாய்மார்களுக்கும், தலைமை தாங்கிய ஆச்சிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி! ரிப்பன் வெட்ட என்னை அழைத்தார்கள். எனக்கெதற்கு? ராபியா, இங்குட்டு வாங்க. ஹசன் பாய், நீங்களும் வாங்க. ஆளுக்கு ஒரு கை பிடிச்சு வெட்டுங்க. வெட்டிட்டு, துப்பாக்கிக்குக் காத்துக் கொடுக்குற அந்தக் கம்ப்ரசரைப் போடுங்க. மைக்கையும் மீறி ஊருக்கே கேட்கட்டும்! வணக்கம்!