அழுக்கான புத்தகங்களைத் தேர்ந்தெடுத்த வனமாலா அக்கோருக்கு

கங்காவளி ஆறு கடலோடு கலக்கும் கரையில், கடைசி வரிசையில் அமரும் பிள்ளையின் கைக்கும் கதையொன்று சேர வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கருத்தாய்க் காத்து நின்ற கல்விச் செல்வியே! வகுப்பறையை வாசகசாலையாக்கிய ஆசிரியையே, எங்கள் வனமாலா அக்கோரே! சொல்லில் சுருக்கும், சோற்றில் புளிப்பும், சுற்றறிக்கையின் மேல் சந்தேகமும் குறையாத எங்கள் மூத்தவரே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பணிவு, பண்பு, பொறுமை என்று வரிசையாக அடுக்க வேண்டும் என்பார்கள். பொறுமையை மட்டும் விட்டுவிடுகிறோம். இந்தப் பணிநிறைவு விழாவில் பெற்றோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பொய் சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

ஆண்டுதோறும் மழை இறங்கிப் படகுகள் கரையேறியதும், ஹுப்பள்ளிப் புத்தக வியாபாரி பசவராஜ் தம் தகரப் பெட்டியோடு வந்து சேர்வார். மற்ற பள்ளிகளில் அட்டையைப் பார்த்து, விலையைப் பார்த்து, வாங்கி முடித்துவிடுவார்கள். தாங்களோ பெட்டியைத் திறந்து பிள்ளைகள் நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வீர்கள். கதைகள் ஒரு பக்கம். பூச்சி, புயல், எலும்பு, எந்திரம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் நூல்கள் மறுபக்கம். ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது, கோகம் புளிப்பழச் சாற்றின் சிவப்பு, தோசை எண்ணெய், தம்பி கடித்த மூலை என்று எதில் அடையாளம் இருக்கிறதோ அது பள்ளிக்கு. பளபளவென்று வந்தது பசவராஜுக்கு. அழுக்கானதைத்தான் விலைக்கு வாங்குகிறோம் என்பதால் அவருக்கும் மறுப்பில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை போதும், தகவல் நூலெல்லாம் தண்டம் என்று வாதாடியவர்களில் இம்மடலை எழுதும் தினகரனும் ஒருவன். எலும்புகளைப் பற்றிய நூல் கடைசிப் பக்கம் வரை புளிக்கறையோடு வந்த அன்று என் வாதத்தைக் கைவிட்டேன். நீதிக்கதை நூல்களோ போன மாதிரியே புத்தம் புதிதாய்த் திரும்பின.

நூலக அலமாரியைப் பார்வையிட வந்த அதிகாரி, அரசுப் பணத்தில் வாங்கிய நூல்கள் இப்படியா இருப்பது என்று முகம் சுளித்தார். நாங்களெல்லாம் தரையைப் பார்த்தோம். தாங்கள் அமைதியாகச் சொன்னீர்கள்: “சுத்தமான புத்தகம்னா யாரும் படிக்காத புத்தகம் சார். அதையெல்லாம் அப்பவே திருப்பி அனுப்பிட்டோம்.”

அந்த நம்பிக்கைதான் சென்ற ஆண்டு தங்களைச் சறுக்க வைத்தது. யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா!

நண்டுகளைப் பற்றிய நூல் ஒன்று பெட்டியில் வந்திருந்தது. ஒரு துளிக் கறையில்லாமல், ஒரு மூலை மடங்காமல் திரும்பியது. கடலோரத்துப் பிள்ளைகள் நண்டைப் பார்த்துச் சலித்திருக்கும் என்று சொல்லிப் பெட்டியில் போட்டு, பசவராஜையும் வழியனுப்பிவிட்டீர்கள். மத்தியானம் மூன்றாம் வகுப்பு நாகவேணி வந்து நின்றாள். அவள் அம்மா மழைக்காலத்தில் வீடு வீடாகக் கருவாடு விற்பவர். நண்டுப் புத்தகம் எங்கே என்று கேட்டாள். யாருமே தொடவில்லை, போய்விட்டது என்றீர்கள்.

“நான் தொட்டேன் அக்கோரே. தினம் படிச்சேன். என் கைபட்டா புத்தகம் கருவாடு நாறும்னு மஞ்சுநாத் சொன்னான். அதான் கையில பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டுத் தொட்டேன்.”

தங்கள் முகம் அன்று மாறியதை நாங்கள் மறக்கவில்லை. என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டீர்கள். குடை காற்றில் மடங்கிப் பின்னால் பறந்தது, நிறுத்தவேண்டாம் என்றீர்கள். அங்கோலா நிலையத்தில் பசவராஜ் ஏறிய ஹுப்பள்ளிப் பேருந்து கிளம்பிப் போயிருந்தது. மலை ஏறுமுன் தேநீருக்கு நிற்கும் இடத்தில்தான் அதைப் பிடித்தோம். பெட்டியோ கூரைமேல், தார்ப்பாய்க்கு அடியில். என்ன அம்மா, நகை ஏதாவது போய்விட்டதா என்று நடத்துநர் பதறினார். “நண்டு போயிடுச்சு” என்றீர்கள். பயணிகள் எங்களை வாழ்த்தவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம். கொட்டும் மழையில் கூரைமேல் ஏற மனமில்லாத பசவராஜ், இதே நூலில் வேறு புதுப் பிரதியை அனுப்பி வைப்பதாகக் கெஞ்சினார்.

“வேற வேணாம். அவ தொட்டதுதான் வேணும்.”

ஏறினார். எடுத்தார். சேலைத் தலைப்புக்குள் வைத்து அதை நனையாமல் கொண்டுவந்தீர்கள். நாமிருவரும் நனைந்த கணக்கு தனி.

மறுநாள் தாங்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வகுப்பின் முன் நாகவேணியை அழைத்து நூலை நீட்டினீர்கள். அவள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். காத்திருந்தீர்கள். பொறுமையில்லை என்று மேலே எழுதியதை இந்த ஓர் இடத்தில் திருத்திக்கொள்கிறோம். “வாசம் பிடிக்கட்டும்டி. புத்தகம் அதுக்குத்தான் இருக்கு. தொடு” என்றீர்கள். வெறுங்கையால் வாங்கினாள். நண்டு ஓடு கழற்றும் கதையை வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்தாள். முடித்ததும், அடுத்து எனக்கு என்று முதலில் கை நீட்டியவன் மஞ்சுநாத்.

கறையைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை என்று அன்று ஆசிரியர் அறையில் சொல்லி அழுதீர்கள். அதன்பின் சுத்தமாய் வரும் ஒவ்வொரு நூலுக்கும், அதைக் கொண்டுபோன பிள்ளையை அருகே அழைத்துக் கேட்காமல் பெட்டியை மூடியதில்லை. தவறியதைத் திருத்திக்கொள்ளத் தயங்காத தலைமகளே! நாளை முதல் அந்தப் பெட்டியை நாங்கள்தான் திறக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

மூட்டுவலி தீர்ந்து, கண்ணொளி குறையாது, மகள் வீட்டு மாடியில் கடற்காற்று வாங்கியபடி, பேரப்பிள்ளைகளின் புத்தகங்களையும் கறைபடுத்திக்கொண்டு, நூறாண்டு நலமோடு தாங்கள் வாழ்க!

ஒரு விண்ணப்பம். பாராட்டு மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டுத் தருவது வழக்கம். நாங்கள் கண்ணாடி போடவில்லை. நேற்று இம்மடலைப் பள்ளி முழுவதும் கைமாற்றினோம். ஓரத்தில் இருக்கும் சிவப்பு, கோகம். நடுவில் இருக்கும் எண்ணெய், யாருடையது என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மேல் மூலையில் கறை எதுவும் இல்லை. முகர்ந்து பாருங்கள், லேசாகக் கருவாட்டு வாசம் வரும். முதலில் வாங்கிப் படித்தவள் நாகவேணி.

நீங்கா அன்புடன்,
ஆசிரியர்கள், பணியாளர்கள்,
படகுத்துறை அரசுத் தொடக்கப் பள்ளி