இரண்டு ராஜாவை என் மனைவி கவிழ்த்த விஷயம்

என் பெயர் முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, லேத்துக்காரர் வீடு என்றால்தான் கை காட்டுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெருவில், சைக்கிள் கடை மாடியில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை செய்கிறேன்.

மருந்துக் கடைக்காரரைப் பிடித்துத் தள்ளியது நான்தான். அவர் நாற்காலியோடு சாய்ந்து முன்பல் உடைந்ததும் என்னால்தான். அந்தப் பல் முன்னாடியே ஆடிக்கொண்டிருந்தது என்று எழுதச் சொல்லி என் மச்சினன் காதைக் கடிக்கிறான், அது எனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. தள்ளியதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் என் மனைவி சீட்டில் அடையாளம் வைத்து ஏமாற்றினாள், கண் தெரியாத மாதிரி நடித்தாள் என்று புகாரில் இருக்கிறதே, அதைத் தலை போனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்காகத்தான் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு எங்கள் வீட்டில் போக்கர் ஆடுவது வழக்கம். நான், என் மனைவி, பஸ் ஓட்டுகிற என் மச்சினன், மருந்துக் கடைக்காரர் ஆகிய நான்கு பேர்தான். காசு வைத்து ஆடுவதில்லை, மிச்சம் விழுந்த நைலான் கம்பியில் நான் கடைந்து வைத்த வில்லைகளை வைத்துத்தான் ஆடுவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவது, அதன் பின்பு நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைப்பது, கை சரியில்லை என்று நினைக்கிறவர் தன் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிடுவது, இதுதான் ஆட்டம். ஒரே எண் இரண்டு வந்தால் ஜோடி, ஒரே சின்னம் ஐந்து சேர்ந்தால் அதைவிடப் பெரிய கை. எப்போதும் சீட்டுப் போடுவது நான். நடுவில் விழுகிற சீட்டையும், கடைசியில் காட்டுகிற சீட்டையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் போடுவேன். லேத்துச் சத்தத்தில் பழகிய தொண்டை, மெதுவாகச் சொல்ல வராது.

முன்பு காகிதச் சீட்டு வைத்திருந்தோம். டீ கொட்டினால் ஊறும், வேர்வைக் கை பட்டால் ஒட்டும், மூலை மடங்கினால் முதுகைப் பார்த்தே ஏஸ் யாரிடம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதன் பின்பு என் மனைவிக்குச் சர்க்கரையால் கண் மங்க ஆரம்பித்தது. ஒரு நாள், “ஏங்க, இது ஆர்ட்டினா டைமண்டா, எல்லாம் ஒரே செவப்பா தெரியுது, நான் இனிமே வேடிக்கை பாக்கறேன்” என்றாள். எங்கள் நான்கு பேரில் அவள்தான் ஆட்டக்காரி. நாங்கள் மூன்று பேரும் ஏதோ ஆடுகிறோம், அவ்வளவுதான். அவள் வேடிக்கை பார்ப்பதாவது என்று அன்றைக்கே கடைக்குக் கிளம்பினேன்.

முதல் கடையில் பெட்டி மேல் பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தது, ஓரத்தை நகத்தால் சுரண்டினேன், உள்ளே காகிதம். மேலே பூசின பூச்சுதான் பிளாஸ்டிக். இரண்டாவது கடையில் தங்க நிறத்தில் தகடு மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள், டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று அடித்ததே தவிர எண் தெரியவில்லை, கலைத்தால் வழுக்கிக்கொண்டு தரையில் ஓடியது. மூன்றாவது கடையில்தான் சரக்கு கிடைத்தது. முழுக்க பிளாஸ்டிக், பளபளப்பில்லாத மேல்பக்கம், மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு எண். ஸ்பேட் கறுப்பு, ஆர்ட்டின் சிவப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை. குழப்பத்துக்கே இடமில்லை. ஒரு சீட்டை இரண்டு விரலில் வளைத்து விட்டேன், டக்கென்று நிமிர்ந்து நின்றது. கடைக்காரர் குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் இன்னொன்றை முக்கினேன். “அண்ணே, வாங்கிட்டு வீட்டுல போய் குளிப்பாட்டுங்கண்ணே” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வாங்கி வந்து பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு சீட்டாகக் கனம் பார்த்தேன், முடியளவு கூட வித்தியாசமில்லை, எல்லாம் ஒரே கனம். அதன் பின்பு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டு முழுவதும் முதுகுப் பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கோடு கூடக் குறையில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடையாளம் இருந்திருந்தால் முதலில் கண்டுபிடித்திருப்பவன் நான். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடைத்து, மெத்தென்ற துணியில் பரப்பி உலர்த்துவதும் நான்தான். வெயிலில் வைக்க மாட்டேன், வளைந்துவிடும்.

வாங்கி வந்த அன்று அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, அறையின் அந்தக் கோடியில் நின்று ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினேன். “ஏழு, கிளாவரு” என்றாள். அடுத்தது காட்டினேன், அதுவும் சரி. “அம்மாடி, எவ்ளோ பெரிசு! எதிர் வீட்டுலேருந்தே படிச்சிடலாம் போல இருக்கே” என்று கை தட்டினாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னேன், இதை எழுதுகிற ஸ்டேஷன் எழுத்தர் ஐயா அது வழக்குக்குத் தேவையில்லை என்கிறார், சரி, விட்டுவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவள் ஆடின ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா! முன்பும் நன்றாக ஆடுவாள், ஆனால் போகப் போக அது மனுஷ ஆட்டமாகவே இல்லை. நாங்கள் நல்ல கை வைத்திருந்தால் அவள் ஒதுங்கியிருப்பாள், சும்மா வாய் ஜாலம் காட்டினால் வில்லையை நகர்த்தி எங்களைக் கவிழ்க்க வைப்பாள். எங்களைப் போலத்தான் அவளும் சீட்டு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பாள். என் மச்சினன், “அக்கா, என் வயித்துக்குள்ள பூந்து பாத்துட்டு வரியா?” என்பான். நானும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லாம் சீட்டு நன்றாகத் தெரிவதால்தான் என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை வேறு.

போன ஞாயிறு ஆட்டத்தில் மருந்துக் கடைக்காரர் தொடர்ந்து தோற்றுக் கடுப்பில் இருந்தார். கடைசி ஆட்டத்தில் நடுவில் மூன்று சீட்டு போட்டேன், மூன்றும் பச்சை. அதன் பின்பு அவர் தன்னிடமிருந்த வில்லை எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். மச்சினன் ஒதுங்கினான், நானும் ஒதுங்கினேன். என் மனைவி, “எடுத்துக்கங்கண்ணே, நான் வரலை” என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டாள். இந்த ஆட்டத்திலாவது அவளிடமிருந்து வில்லையை அள்ளலாம் என்றிருந்தவருக்கு வந்ததே கோபம், அவள் கவிழ்த்த சீட்டைப் பிடுங்கித் திருப்பினார். இரண்டும் ராஜா. அதன் பின்பு தன் சீட்டைத் திருப்பினார். இரண்டும் ஏஸ், ராஜாவுக்கும் மேலான சீட்டு.

“ரெண்டு ராஜாவைக் கையில வச்சிக்கிட்டு எவளாவது கவிழ்ப்பாளா? என் ஏஸ் தெரியாமலா கவிழ்த்தா?” என்று கத்தினார். இரண்டு ராஜாவை நானாயிருந்தால் வீட்டை அடகு வைத்தாவது ஆடியிருப்பேன். அதன் பின்பு அவர், “புருசனும் பொண்டாட்டியும் கட்டுல அடையாளம் வச்சிக்கிட்டு, குருடி வேசம் வேற” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் தள்ளினேன். வேறு காரணம் இல்லை.

இன்று ஆய்வாளர் அம்மா எங்களை ஸ்டேஷனுக்கு அழைத்து, கைப்பற்றிய கட்டை மேஜையில் பரப்பினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, விளக்கடியில் வைத்து, விரலால் தடவிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. “அடையாளம் இல்லை, சரி. அப்ப ஏம்மா ரெண்டு ராஜாவை விட்டீங்க? அதைச் சொல்லுங்க, இல்லேன்னா இந்தப் புகார் அப்படியே நிக்கும்” என்று கேட்டார்கள். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். “சொல்லேண்டி, திருடிப் பட்டம் கட்டுறாங்க” என்று நான் சத்தம் போட்டேன். அதன் பின்பு அவள், “ராஜான்னு எனக்குத் தெரியாதுங்க” என்றாள்.

ஆய்வாளர் அம்மா ஒரு சீட்டை எடுத்து அவள் முகத்துக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில், திறந்து பிடித்தார்கள். பச்சை ஏழு. கொஞ்சம் கழித்து அவள், “ஏதாவது காட்டறீங்களாம்மா?” என்று கேட்டாள்.

ஆய்வாளர் அம்மா சீட்டை மேஜையில் வைத்தார்கள். “ஜன்னல் பக்கம் வெளிச்சம்னு தெரியுது. அவ்வளவுதான். ரொம்ப நாளாச்சு” என்றாள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே தட்டில் சாப்பிடுகிறேன், எனக்குத் தெரியாது. வீடு அவளுக்குக் கைப்பாடம், நான் இருட்டினால் வருகிறவன்.

“அப்ப எப்படிம்மா ஆடினீங்க?” என்று கேட்டதற்கு, “நீங்க ஆடுங்க, நான் சொல்றேன்” என்றாள். ஆய்வாளர் அம்மா, எழுத்தர், மருந்துக் கடைக்காரர் மூவருக்கும் நான் சீட்டுப் போட்டேன், நடுவில் விழுந்ததை வாய்விட்டுச் சொன்னேன். அவள் பெஞ்சில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு ஆட்டத்தில், “ஒண்ணும் பிடிபடலை” என்றாள். அடுத்த ஆட்டத்தில் நடுவில் மூன்றும் நீலம். “அம்மா திரும்பப் பாத்தாங்க, எழுதற ஐயாவும் பாத்தாரு. மருந்துக் கடை அண்ணன் பாக்கலை. அவர்கிட்ட ஜோடி இருக்கு, இல்லேன்னா ரெண்டுமே நீலம்” என்றாள். அவர் சீட்டைத் திருப்பினார், இரண்டும் நீலம். எழுத்தர் ஐயா எழுதுவதை விட்டுவிட்டு எழுந்து நின்றார். இதையும் எழுதச் சொன்னேன், எழுதுகிறார்.

அதன் பின்பு விளக்கினாள். கையில் வேறு வேறு சீட்டு வைத்திருப்பவருக்கு எண்தான் மனதில் நிற்கும், எது என்ன நிறம் என்பது நிற்காது, நடுவில் ஒரே நிறம் மூன்று விழுந்தால் தன்னிடம் அந்த நிறம் உண்டா என்று மூலையைத் தூக்கிப் பார்ப்பார், ஜோடியோ, இரண்டும் அதே நிறமோ வைத்திருப்பவர் அனேகமாகப் பார்க்க மாட்டார். தூக்கின மூலையை விட்டதும் பிளாஸ்டிக் சீட்டு டக்கென்று சத்தம் போடும். “காயிதத்துல இந்தச் சத்தம் வராதுங்க. இந்தக் கட்டு பேசும்” என்றாள். அன்றைக்கு நடுவில் மூன்று பச்சை விழுந்தும் மருந்துக் கடைக்காரர் பக்கம் அந்தச் சத்தம் வரவில்லை, அதனால்தான் கவிழ்த்தாளாம். தன் சீட்டை அவள் தூக்கியதெல்லாம் எங்கள் திருப்திக்கு. நாங்கள் ஒதுங்கியதும் அவள் ஜெயித்தாள், ஒதுங்காவிட்டால் அவளே ஒதுங்கினாள், நடுவில் கிடப்பதையும் கடைசியில் காட்டுவதையும் என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்த ஆட்டத்தில் ஒன்றைத் தப்பாகவும் சொன்னாள், எழுத்தர் ஐயா தன்னிடம் ஜோடி இருப்பதையே மறந்து திரும்பப் பார்த்துவிட்டாராம். எல்லோரும் சிரித்தோம்.

மருந்துக் கடைக்காரர் சிரிக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “அப்ப இத்தனை நாளா, தன் சீட்டே என்னன்னு தெரியாத ஆளுகிட்டயா நான் தோத்தேன்?” என்று கேட்டார். அதன் பின்பு எழுந்து அவளிடம் போய், “தங்கச்சி, தப்பா பேசிட்டேன்” என்றார். என் பக்கம் திரும்பி, பல் விஷயம் தனி என்றும் சொன்னார். நியாயம்தான்.

ஆய்வாளர் அம்மா சீட்டு அடையாளம், நடிப்பு என்ற பகுதியைப் புகாரிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லித் தேநீர் சொல்லியனுப்பினார்கள். அந்த நேரம் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “என்கிட்ட ஏண்டி சொல்லலை?” என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுத்தர் ஐயாவே எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

“அந்தக் கட்டை வாங்கிட்டு வந்து, நான் ஏழுன்னு சரியா சொன்னதும், ஒங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? அதுக்கப்புறம் எல்லாம் மங்கிப்போச்சு. நான் கடைசியா தெளிவா பாத்தது அதைத்தாங்க. தெரியலைன்னு சொன்னா அந்த மூஞ்சி மாறிடும்ல” என்றாள்.

எழுதியதை எழுத்தர் எனக்கும் என் மனைவிக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். தள்ளியது நான். அவள் யாருடைய சீட்டையும் பார்க்கவில்லை, தன்னுடையதையும் பார்க்கவில்லை. இதில் ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ இல்லை, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவும் இல்லை, நடந்தது இதுவே.

(ஒப்பம்) லேத்துக்காரர்

என் முன்பாகக் கையெழுத்திட்டார். (ஒப்பம்) ஆய்வாளர்